கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மாதம் 30,000 ரூபாய் போல நிற்கும். மகளின் இன்ஜினியரிங் கட்-ஆஃப் 168. கவுன்சிலிங்கில் ஈசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன்) கிடைக்கும் என்கிறார்கள், பஸ் கட்டணத்தோடு ஆண்டுக்கு 80,000 ஆகும். ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். நன்கொடை 2 லட்சம், அப்புறம் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். மகளுக்கு பி.எஸ்சி. கணிதம் மேலும் ஒரு கண். கையில் 3 லட்சம் எஃப்.டி., மனைவி நகை 15 பவுன். நகையை வைத்து நன்கொடை, கட்டணத்துக்குக் கல்விக்கடன் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை.

பதில்: வேண்டாம் சார். நகையைத் தொடாதீர்கள்.

கல்லூரிகள் நன்கொடை வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் அந்த 2 லட்சத்துக்கு ஒழுங்கான ரசீது தர மாட்டார்கள், ரசீது இல்லாத பணத்துக்கு வங்கி கடன் தராது, நாளைக்கு மகள் வேறு கல்லூரிக்குப் போகிறேன் என்றால் திருப்பிக் கேட்கவும் உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

அடுத்து கடன். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வீதம் 6 லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் நான்கு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், தனிவட்டியாகவே போட்டாலும் 2.1 லட்சம் சேர்ந்து கடன் 8.1 லட்சத்தில் வந்து நிற்கும். பத்து வருடத்துக்கு மாதம் சுமார் 10,700 தவணை. பெரிய ஐடி கம்பெனிகள் கல்லூரிக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும்போது தருவது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டித்தான், கையில் வருவது 25,000 சொச்சம். அதில் தவணை போக, நகைக்கடன் வட்டி வேறு. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு கட்டும் திட்டம் ஒன்று உண்டு, வங்கியில் கேளுங்கள். ஆனால் நிபந்தனைகள் நிறைய, மேனேஜ்மென்ட் கோட்டா என்றாலே வங்கிகள் யோசிக்கும், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஈசிஇ ஒன்றும் மட்டமில்லை. அண்ணா பல்கலையின் ஈசிஇ பாடத்திட்டத்திலேயே சாஃப்ட்வேருக்கு அடிப்படையான சி மொழியும் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸும் இருக்கின்றன. பின்னாடி வரும் எலெக்டிவ்களை, அதாவது விருப்பப் பாடங்களைத் தோழிகள் எடுக்கிறார்கள் என்று எடுக்காமல், சிப் டிசைனா சாஃப்ட்வேரா என்று இரண்டாம் வருடத்திலேயே முடிவு செய்து ஒரே திசையில் எடுக்கச் சொல்லுங்கள். கூடவே ஐஐடி பேராசிரியர்கள் ஆன்லைனில் நடத்தும் என்பிடெல் பாடங்கள். படிப்பது இலவசம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். முக்கியமாக அரியர் கூடாது, ஏனென்றால் கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் நிலுவை அரியர் இருந்தால் உள்ளேயே விடுவதில்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளுக்கும் இதே கதைதான்.

பி.எஸ்சி. கணிதத்தை ஏன் இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போகிறீர்கள்? அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. மூன்றாம் வருடம் ஜாம் தேர்வு எழுதி நல்ல ரேங்க் வந்தால் ஐஐடியில் எம்.எஸ்சி., அதன் பிறகு நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி கிடைத்தால் ஆராய்ச்சி செய்யும்போதே மாதம் 37,000 வரும். பாதை நீளம்தான், சம்பளத்துக்கு அவசரப்படும் வீட்டுக்கு ஒத்துவராது. ஆனால் கணிதம் உண்மையிலேயே பிடித்த பிள்ளை என்றால் உங்கள் எஃப்.டி.யே தாங்கும், கடனே வேண்டாம். அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், உறவினர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: மகள் எந்தப் பள்ளி? ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, அதில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். இன்ஜினியரிங்கோ பி.எஸ்சி.யோ, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அரசுப் பள்ளி இல்லையென்றாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை இருக்கிறது, கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால் மட்டும். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி நேரத்தில் தாலுகா ஆபீஸில் கூட்டம் தாங்காது.