இரண்டு நிலா செய்தி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் உள்ள நண்பருக்கு

ஆகஸ்ட் 27 நள்ளிரவில் செவ்வாய் கிரகம் முழுநிலா அளவுக்குத் தெரியும் என்று உங்கள் சித்தி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி 2003-லேயே காலாவதியானது. பிள்ளைகளை எழுப்ப வேண்டாம்.

அந்த வருஷம் செவ்வாய் 5.58 கோடி கி.மீ. வரை நெருங்கியது உண்மைதான். டர்பனில் நள்ளிரவில் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நின்றது. ஆனாலும் வானில் அதன் அகலம் 25 விகலைதான் (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு). நிலாவுக்கோ சுமார் 1,800. கையை நீட்டி ஒரு பட்டாணியைப் பிடித்தால் நிலா மறைந்துவிடும். அன்றைய செவ்வாய் அதே தூரத்தில் ஒரு தலைமுடியின் தடிமன்தான்!

இந்தச் செய்திக்கு மூலமான மின்னஞ்சலில், 75 மடங்கு பெருக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் செவ்வாய் முழுநிலா அளவுக்குத் தெரியும் என்றுதான் இருந்தது. அனுப்பி அனுப்பி அந்த நிபந்தனை உதிர்ந்துவிட்டது, கூடவே ஆண்டும். செவ்வாய் 2003-ஐவிட நெருக்கமாக வருவது இனி 2287-ல். சித்தியிடம் சண்டை வேண்டாம், "எந்த வருஷத்து ஆகஸ்ட்?" என்று மட்டும் கேளுங்கள்.