விலை உயர்ந்த இயற்கைச் சருமப் பராமரிப்புப் பொருட்களைப் பயண அளவில் வாங்கிப் பார்ப்பது பயன் தருமா?

தில்லிக் குளிரில் முகம் வறண்டு தோல் உரிவதால் ஆயுர்வேத முறையில் தயாரிக்கப்படும் உயர்விலை க்ரீம், தைலம் முதலியவற்றை நேரடியாக முழு அளவில் வாங்குவதா, அல்லது ஐந்தாறு சிறு புட்டிகள் அடங்கிய பயணத் தொகுப்பை முதலில் வாங்கிப் பார்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். தொகுப்பையே முதலில் வாங்குங்கள். ஆனால் அதிலுள்ள எல்லாவற்றையும் ஒரே இரவில் திறந்து முகத்தில் பூசிக்கொள்ளாதீர்கள். தில்லியின் மயூர் விஹாரில் பல ஆண்டுகளாக வசிப்பவள் என்ற முறையிலும், சென்ற குளிர்காலத்தில் இத்தகைய தொகுப்பு ஒன்றை நிதானமாகப் பயன்படுத்திப் பார்த்தவள் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

இந்த வகைப் பொருட்களுக்கு நம் ஊரே ஒரு தலைமையிடம் போன்றது. மீரா குல்கர்னி 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஃபாரஸ்ட் எசென்ஷியல்ஸ், அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த காமா ஆயுர்வேதா ஆகிய இரண்டுமே தில்லியில் வளர்ந்தவை. கான் மார்க்கெட் போன்ற இடங்களில் இவ்வகைக் கடைகளுக்கு நேரில் சென்றால், கையில் தடவிப் பார்க்கவும் மணத்தை முகர்ந்து பார்க்கவும் தயங்காமல் தருகிறார்கள். அப்படிச் செல்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. அதுவே எனக்கு முக்கியமானதாகப் படுகிறது.

நம் நாட்டின் அழகுசாதனப் பொருள் விதிகள் 2020இன்படி, உட்பொருட்களின் பட்டியலை எடையின் இறங்குவரிசையில் லேபிளில் அச்சிட வேண்டும். எனினும் 60 மில்லிக்கும் குறைவான திரவங்களுக்கும், 30 கிராமுக்கும் குறைவான க்ரீம் போன்றவற்றுக்கும் இந்தக் கட்டாயம் இல்லை. பயண அளவுப் புட்டிகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் வருகின்றன. பொறுப்புள்ள நிறுவனங்கள் வெளி அட்டைப்பெட்டியிலாவது பட்டியலைத் தருகின்றன என்றாலும், எல்லாரும் தருவார்கள் என்று எண்ணிவிட முடியாது. ஆகவே கடையில் அதே பொருளின் முழு அளவுப் பெட்டியைக் கேட்டு வாங்கி, பின்புறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னீர் என்று விற்கப்படும் புட்டியில் உண்மையில் காய்ச்சி வடித்த ரோஜாநீர்தான் இருக்கிறதா, அல்லது தண்ணீரில் வாசனைப்பொருள் கலந்திருக்கிறதா என்பது அந்தப் பட்டியலின் முதல் இரண்டு மூன்று சொற்களிலேயே தெரிந்துவிடும். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் செம்புப் பாத்திரங்களில் ரோஜா இதழ்களை இட்டுக் காய்ச்சி வடிக்கும் பழைய முறை இன்றும் நடக்கிறது. அப்படி வந்த பன்னீருக்கு அதிக விலை கொடுப்பதில் எனக்கு வருத்தமில்லை. மணமூட்டிய தண்ணீருக்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

இனி ஒவ்வாமை. இயற்கைப் பொருள் என்றால் தோலுக்குத் தீங்கு செய்யாது என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. வீட்டில் அரைத்த நலங்குமாவில் வளர்ந்த நமக்கு அது இயல்புதான். ஆனால் தோல் ஒவ்வாமைக்குப் பெயர்போன வாசனைக் கூறுகளில் பல தாவர எண்ணெய்களிலேயே இருப்பவை. லாவெண்டரில் லினலூல், எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் லிமோனீன், கிராம்பில் யூஜெனால், ரோஜாவில் ஜெரானியால், சிட்ரோனெல்லால் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றுள் லினலூலும் லிமோனீனும் காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரும்போது ஒவ்வாமையைத் தூண்டும் தன்மை கூடுகிறது. மேலும், ஒவ்வாமையால் வரும் தடிப்பு தடவியவுடன் தெரிவதில்லை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் கழித்தே தலைகாட்டும். ஐந்து பொருட்களை ஒன்றாகத் தொடங்கியவர் மூன்றாம் நாள் கன்னம் சிவந்தால் எதைக் குற்றம் சொல்வார்? எல்லாவற்றையும் தூக்கி எறிவார், அல்லது எல்லாவற்றையும் சகித்துக்கொள்வார். தோல் மருத்துவர்கள் கூறும் வழி எளியது: முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், ஒரே ஒரு பொருளை, நாளுக்கு இருமுறை வீதம் ஏழு முதல் பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். எதுவும் நேரவில்லை என்றால் முகத்துக்குச் செல்லுங்கள். நான் வாங்கிய தொகுப்பிலும் ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பகல் க்ரீம் என் கைக்கே ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகத் தடவியதால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை நிம்மதியாகப் பயன்படுத்த முடிந்தது. அதே க்ரீமை என் நாத்தனார் எந்தத் தொந்தரவும் இன்றித் தீர்த்தார் என்பதால், நிறுவனத்தின் மீது எனக்குக் குறையில்லை.

தில்லியின் தண்ணீரையும் குளிரையும் இதில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இத்தகைய தொகுப்புகளில் கையால் செய்த சோப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் சோப்பு காரத்தன்மை உடையது, நம் தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை உடையது. ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில், அந்தக் கடின நீரில் உள்ள கால்சியத்துடன் சோப்பு சேர்ந்து மாவுபோன்ற படிவாகத் தோலில் தங்குகிறது. முகம் கழுவியபின் இழுத்துப் பிடித்ததுபோல் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஏற்கெனவே தோல் உரியும் நிலையில் இருக்கும் நீங்கள் அந்தச் சோப்பைக் கை கழுவ வைத்துக்கொண்டு, முகத்துக்கு மென்மையான, சோப்பு சேராத க்ளென்சரைப் பயன்படுத்துவதே நல்லது. தேங்காயெண்ணெயை அடிப்படையாகக் கொண்ட தைலமோ களிம்போ ஜனவரியில் கல்லாக உறைந்திருந்தால் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே தேங்காயெண்ணெய் உறையும். உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும்.

மரபுப்படி நல்லெண்ணெயில் காய்ச்சப்படும் குங்குமாதி தைலம் அவ்வாறு உறைவதில்லை. குங்குமப்பூ, சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம் முதலியவற்றை ஆட்டுப்பாலுடன் சேர்த்துக் காய்ச்சும் இந்தத் தைலத்துக்காகவே பலர் இத்தொகுப்புகளை வாங்குகிறார்கள். இரவில் முகம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு மூன்று துளிகளை உள்ளங்கையில் தேய்த்து அழுத்தி வைத்தால், எண்ணெய் அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் காக்கிறது. தில்லியின் வறண்ட காற்றில், அறையில் ஹீட்டரும் எரியும் நாட்களில், காலையில் கன்னம் மென்மையாக இருப்பதை நான் தெளிவாக உணர்ந்தேன். நிறம் மாறுமா, கரும்புள்ளிகள் மறையுமா என்பதற்கு இந்தச் சிறு புட்டி விடை தராது. மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே இளம் வயதில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகின்றன, வயது கூடக்கூட அது இன்னும் நீளும். அதற்குள் தொகுப்பிலுள்ள பல புட்டிகள் தீர்ந்துவிடும். தோல் ஏற்கிறதா, வறட்சி தணிகிறதா, மணத்துடன் வாழ முடியுமா என்ற மூன்றுக்கும் மட்டும் அதனிடம் பதிலை எதிர்பாருங்கள்.

புட்டிகளின் அளவும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு மூன்று துளி போதும் என்பதால் 10 மில்லி தைலம் வெகுநாள் வரும். சன்ஸ்கிரீனோ முகத்துக்கு மட்டுமே ஒரு வேளைக்கு ஏறத்தாழ கால் தேக்கரண்டி, அதாவது 1.25 மில்லி வேண்டும்; 15 மில்லி குழாய் பன்னிரண்டு வேளையோடு முடிந்துவிடும். அதை மிச்சப்படுத்த நினைத்துக் குறைவாகப் பூசினால் அட்டையில் எழுதியிருக்கும் பாதுகாப்பு கிடைக்காது. எனவே சன்ஸ்கிரீனை இந்தத் தொகுப்பிலிருந்து எதிர்பார்க்காமல் தனியாக, பெரிய அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். விலையையும் ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சிறு புட்டியில் அது பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். ஒத்துக்கொள்ளாத ஒரு பெரிய ஜாடியை அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அந்தக் கூடுதல் விலை எனக்குக் குறைவாகவே தோன்றியது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதும் இவை கைப்பையில் இடத்தை அடைப்பதில்லை. வெளிநாட்டு விமானப் பயணத்தில் கைப்பையில் ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி பெரும்பாலான விமான நிலையங்களில் நடைமுறையில் உள்ளது. பயண அளவு அதற்குள் அடங்கிவிடும். திறந்த ஜாடியின் படம் போட்டு 6எம், 12எம் என்று அச்சிட்டிருந்தால், திறந்தபின் அத்தனை மாதங்களுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது பொருள். தண்ணீர் கலந்த க்ரீம்களில் ஈரக்கையை விடாதீர்கள்.

நான் இறுதியில் முழு அளவில் வாங்கியவை பன்னீரும் தைலமும் மட்டுமே. முகம் கழுவ மருந்துக்கடையில் கிடைக்கும் சாதாரண க்ளென்சரே இன்றும் போதுமானதாக இருக்கிறது. உங்களுக்குத் தோல் உரிவதோடு அரிப்பும் வெடிப்பும் நீர் கசிவும் சேர்ந்திருந்தால் தொகுப்பை வாங்குவதைத் தள்ளிவைத்து, முதலில் தோல் மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். அது எக்சிமா என்னும் தோல் அழற்சியாக இருந்தால் வாசனை எண்ணெய்கள் கலந்த எதுவும் அதை மேலும் தூண்டிவிடக்கூடும்.