சான்றிதழை விடுங்கள், குறிப்பேடு இருக்கிறதா?

சுற்றுச்சூழல் படிக்கும் மாணவர்களுக்கான கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் சான்றிதழைப் பற்றியவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். உங்கள் கேள்வி அப்படியே இல்லையென்றால் பக்கத்துக் கேள்வியின் பதிலையும் படித்துப் பாருங்கள்.

ஆண்டு முழுக்க ஏதாவது ஒரு 'தினம்' வந்துகொண்டே இருக்கிறது. மாணவர்கள் எதில் கலந்துகொண்டால் உண்மையில் பயன்? – இரண்டாம் ஆண்டு தாவரவியல் மாணவி

பேச்சோடும் ஊர்வலத்தோடும் முடிகிறவை ஒரு வகை, தரவு சேர்கிறவை இன்னொரு வகை. ஜூன் 5 (உலகச் சுற்றுச்சூழல் தினம்), மே 22 (பல்லுயிர் தினம்), செப்டம்பர் 16 (ஓசோன் தினம்) எல்லாம் பெரும்பாலும் முதல் வகை. போய் வாருங்கள், தப்பில்லை. ஆனால் நேரம் குறைவு என்றால் இரண்டாம் வகையைப் பிடியுங்கள். ஜனவரியில் சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, 1967-லிருந்து நடக்கிறது. பிப்ரவரி நடுவில் 'கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட்', நான்கு நாள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று பறவைகளை எண்ணி 'ஈபேர்ட்' என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் ஏற்றினால் போதும். ஏப்ரல் கடைசியில் 'சிட்டி நேச்சர் சேலஞ்ச்', நகரில் காணும் உயிரினங்களைப் படமெடுத்து ஏற்றும் போட்டி. 2016-ல் லாஸ் ஏஞ்சலிஸும் சான் பிரான்சிஸ்கோவும் ஒன்றுக்கொன்று போட்டியாகத் தொடங்கியது, இன்று நூற்றுக்கணக்கான நகரங்களில் நடக்கிறது. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையை ஒட்டி உலகளாவிய கடற்கரைத் துப்புரவு. அதில் குப்பை பொறுக்குவதோடு, எத்தனை மூடி, எத்தனை உறை, எத்தனை சிகரெட் துண்டு என்று வகை பிரித்து எழுதுவதுதான் முக்கியம். அந்தத் தாளை நிரப்பாமல் திரும்பி வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

எதில் கலந்துகொண்டாலும் தேதி, நேரம், இடம் மூன்றையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதுவது களக்குறிப்பு ஆகாது.

உயிரினப் படங்களைப் பதியும் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தில் நானூறு படம் ஏற்றிவிட்டேன். பாதிக்கு மேல் ஆய்வுத் தரம் என்ற நிலைக்குப் போகவே இல்லை. ஏன்? – விலங்கியல் மாணவர், மூன்றாம் ஆண்டு

உங்கள் கணக்கில் இருக்கிற படங்களின் இணைப்பைக் கொடுத்திருந்தீர்கள், பார்த்தேன். பல படங்களில் தேதி இல்லை, இடம் இல்லை. வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பியதை இறக்கி ஏற்றினால் படத்தோடு இருந்த தேதியும் இடமும் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். கேமராவிலிருந்து நேராக ஏற்றுங்கள். இன்னொரு குறை, தொட்டிச் செடிகள். நட்டு வளர்த்தது என்றால் அப்படியே குறியுங்கள். அது சாதாரணமாக ஆய்வுத் தரத்துக்குப் போகாது, போகவும் கூடாது.

மிச்சம் இருப்பவை அடையாளம் காண முடியாத படங்கள். ஒரு செடிக்கு ஒரு பூப்படம் மட்டும் போதாது. பூ முன்பக்கம், பூ பக்கவாட்டில், இலையின் மேல்பக்கம், இலையின் அடிப்பக்கம், இலை தண்டில் சேரும் இடம், செடி முழுவதும். இப்படி ஐந்தாறு படம் எடுத்து ஒரே பதிவாக ஏற்றுங்கள். பல தாவரக் குடும்பங்களில் இலையடியில் இருக்கும் ரோமமும் சுரப்பியும்தான் இனத்தைப் பிரித்துக் காட்டும். பக்கத்தில் ஒரு அளவுகோலோ பென்சிலோ வைத்தால் இன்னும் நல்லது. அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் பதிவு தரம் உயரும். ஒத்துப்போக அவர்களுக்கு நீங்கள் ஏதாவது காட்ட வேண்டாமா? அப்படித் தேறுகிற பதிவுகள்தான், உரிமம் அனுமதித்தால், 'ஜிபிஐஎஃப்' என்ற உலகத் தரவுத்தளத்துக்குப் போய் ஆய்வாளர் கையில் சேர்கின்றன. நானூறு மங்கல் படத்தைவிட நாற்பது முழுப் பதிவு மேல்.

ஐயா, சுற்றுச்சூழல் இன்டர்ன்ஷிப் வேண்டும். விவரம் அனுப்பவும். – பெயர், படிப்பு எதுவும் இல்லை

என்ன படிக்கிறீர்கள், எந்த மாதத்தில் எத்தனை வாரம் ஓய்வு, நீரா காடா காற்றா சட்டமா, எதுவும் சொல்லவில்லை. இதே இரண்டு வரியைத்தான் ஆய்வுக்கூடங்களுக்கும் அனுப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பதில் வராததற்குக் காரணம் அதுதான்.

ஒரு பேராசிரியருக்கு எழுதும் முன் அவருடைய ஆய்வுக் கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படியுங்கள். அதில் உங்களுக்குப் புரிந்த ஒன்றையும் கேட்க விரும்பும் ஒன்றையும் இரண்டு வாக்கியத்தில் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வர முடியும், என்ன வேலை கைவரும் (தரவு உள்ளிடுதல், மண் சலித்தல், பூச்சிகளைப் பிரித்தல், எதுவானாலும்) என்று சொல்லுங்கள். மொத்தம் பதினைந்து வரி. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். பெறுகிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒரு முறை மட்டும் நினைவூட்டுங்கள்.

நான் வணிகவியல் மாணவி. எனக்கு இதில் இடம் உண்டா?

தாராளமாக. ஒரு நிறுவனத்தின் உமிழ்வை நேரடி உமிழ்வு, வாங்கும் மின்சாரத்தால் வருவது, சரக்குச் சங்கிலியில் மற்றவர்களால் வருவது என்று மூன்று அடுக்காகக் கணக்கிடுகிறார்கள். மூன்றாவது அடுக்கில்தான் பெரும்பாலும் பெரிய எண்ணும் பெரிய குழப்பமும். கணக்குப் படித்தவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

வெளிநாட்டில் நடக்கும் சர்வதேச சுற்றுச்சூழல் மாநாட்டில் பேச மின்னஞ்சலில் அழைப்பு வந்திருக்கிறது. பதிவுக் கட்டணம் ஏறக்குறைய 400 டாலர். சான்றிதழும் 'சிறந்த இளம் விஞ்ஞானி' விருதும் தருவார்களாம். வீட்டில் நகையை வைத்துப் பணம் தரத் தயார். போகலாமா? – முதுநிலை மாணவர்

போகாதீர்கள். நகையை வைக்க வேண்டாம் என்று இன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் சேமிப்பு இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் இணைத்திருக்கும் அழைப்பையே எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் 'மாண்புமிகு பேராசிரியர் அவர்களுக்கு' என்று உங்களை விளிக்கிறது. நீங்கள் மாணவர். உங்கள் ஆய்வைப் படித்து அழைத்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது, தலைப்பு: சுற்றுச்சூழல், மருந்தியல், மேலாண்மை, இயந்திரவியல் எல்லாம் ஒரே மாநாட்டில், ஒரே ஹோட்டலில், ஒரே இரண்டு நாளில். உண்மையான அறிஞர் சங்கம் எதுவும் அப்படி நடத்தாது. மூன்றாவது, ஆய்வுச் சுருக்கம் அனுப்பி 48 மணி நேரத்தில் 'ஏற்கப்பட்டது' என்று பதில். யார் படித்தார்கள்? ஒழுங்கான மாநாடுகளில் சுருக்கத்தைப் பரிசீலித்து முடிவு சொல்ல வாரக்கணக்கில் ஆகும். கடைசித் தேதியும் மாநாட்டுக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும். நான்காவது, பேசுவதற்கு முன்பே விருது. எதற்கு அந்த விருது?

இதை யாரும் பார்க்காமலும் இல்லை. அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல், பணத்துக்காகச் சரியான பரிசீலனை இல்லாமல் கட்டுரை வெளியிடுவதாகச் சந்தேகப்பட்ட பதிப்பாளர்களின் பட்டியலைப் பல ஆண்டுகள் வைத்திருந்தார். 2017 ஜனவரியில் அது இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2019-ல் இதே தொழிலில் இருந்த ஒரு பெரிய நிறுவனம் 5 கோடி டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணத்தை மறைத்தது, பரிசீலனை நடந்ததாகப் பொய் சொன்னது, வராதவர்களைப் பேச்சாளர்கள் என்று விளம்பரம் செய்தது எல்லாம் அந்த வழக்கில் வந்தவை. இருந்தும் புதுப் பெயரில் புது அழைப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

பணம் கட்டும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். அமைப்புக் குழுவில் பெயர் இருக்கும் இருவருக்கு அவர்களுடைய பல்கலைக்கழக முகவரிக்கே எழுதி, 'நீங்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்களா?' என்று கேளுங்கள். போன ஆண்டு நடந்த மாநாட்டின் நிகழ்ச்சி நிரலைக் கேளுங்கள். கட்டுரையை வெளியிடுவதாகச் சொல்லும் இதழ், யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களைத் தொகுக்கும் 'டிஓஏஜே' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத இதழெல்லாம் போலி என்று அர்த்தமில்லை, ஆனால் திறந்த அணுக்க இதழ் என்று சொல்லிக்கொண்டு அதில் இல்லையென்றால் மேற்கொண்டு விசாரியுங்கள்.

மாநாட்டுக்கே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. மாணவர்களுக்காகவே நடக்கும் மாநாடுகள் இருக்கின்றன. 2000-லிருந்து கேம்பிரிட்ஜில் நடக்கும் இயற்கைப் பாதுகாப்பு அறிவியல் மாணவர் மாநாட்டில் ஆய்வுரை வழங்குகிறவர்கள் மாணவர்களே. அதன் சகோதர மாநாடுகள் மற்ற கண்டங்களிலும் வந்துவிட்டன. பன்னாட்டு அறிஞர் சங்கங்கள் பலவற்றில் மாணவர் கட்டணம் தனி. பயண உதவி உண்டு. தன்னார்வலராக வேலை செய்தால் கட்டணம் குறையும் இடங்களும் உண்டு. இவற்றில் ஒன்றுக்கு உங்கள் சுருக்கம் நிராகரிக்கப்பட்டாலும் ஏதோ கற்றுக்கொள்வீர்கள். அந்த 400 டாலர் விருதை உங்கள் தன்விவரத்தில் பார்க்கும் அனுபவசாலி, மிச்சப் பக்கத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். உங்களுடைய நல்ல வேலைக்கும் அது கெடுதல்.

ஐநா காலநிலை மாநாட்டுக்கு மாணவர்கள் எப்படிப் போவது? அனுமதி அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

அட்டை விற்பனைக்கு இல்லை. கொடுத்துவிடாதீர்கள். பேச்சுவார்த்தை நடக்கும் பகுதிக்குத் தனிநபர் பதிவு கிடையாது. ஒரு நாட்டுக் குழுவோ, பார்வையாளர் தகுதி பெற்ற அமைப்போ உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் 'யங்கோ' என்ற இளைஞர் கூட்டமைப்பின் பணிக்குழுக்களில் சேர்ந்து வேலை செய்யுங்கள். மாநாட்டுக்கு முன்னால் இளைஞர் மாநாடு தனியாக நடக்கும், அதற்கும் விண்ணப்பிக்கலாம். நவம்பர் மாநாட்டுக்கு அக்டோபரில் எழுதிக் கேட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆண்டின் நடுவிலேயே தொடங்குங்கள். அதற்குள் 2015 பாரிஸ் ஒப்பந்தத்தை மூலத்திலேயே படித்துவிடுங்கள். முப்பது பக்கம்கூட இல்லை.

கியூஜிஐஎஸ், ஆர், பைத்தான். எதை முதலில் கற்பது?

வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-லிருந்து இலவசம், சென்டினல்-2 படங்களும் இலவசம். சென்டினல்-2-ல் 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு முறை அதே இடம். உங்களுக்குத் தெரிந்த ஒரு ஏரியின் நீர்ப்பரப்பு பத்தாண்டில் எப்படி மாறியது என்று ஒரே ஒரு வரைபடம் போடுங்கள். அப்புறம் ஆர்.

மலிவு விலை சென்சார் வைத்துக் காற்றில் பிஎம் 2.5 என்ற நுண்துகளை அளந்தோம். காலையில் எண் எகிறுகிறது. போக்குவரத்துதான் காரணம் என்று அறிக்கையில் எழுதலாமா? – பொறியியல் மாணவர் குழு

அவசரப்படாதீர்கள். இந்தச் சென்சார்கள் ஒளிச்சிதறலை வைத்துத் துகளை மதிப்பிடுகின்றன. அதிகாலையில் ஈரப்பதம் ஏறும்போது துகள்கள் நீரை இழுத்துப் பருத்துவிடும், சென்சார் கூடுதலாகக் காட்டும். ஈரப்பதத்தையும் சேர்த்துப் பதிந்தீர்களா? கடிதத்தில் இல்லை. முறையான கண்காணிப்பு நிலையம் ஒன்றின் பக்கத்தில் உங்கள் கருவியை இரண்டு வாரம் வைத்து ஒப்பிட்டுத் திருத்தம் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரம்போடு (கன மீட்டருக்கு ஆண்டுச் சராசரி 5, ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராம்) ஒப்பிடலாம். ஒரு நாள் அளவை ஆண்டு வரம்போடு ஒப்பிட்டு 'மூன்று மடங்கு' என்று தலைப்புப் போடாதீர்கள். தேதி, நேரம், இடம் எழுதச் சொன்னது இங்கேயும் பொருந்தும். சென்சாரைத் தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில் வைத்தீர்கள் என்பதும் சேர்த்து.

களப்பணிக்கு வீட்டில் அனுப்ப மறுக்கிறார்கள். பெண் என்பதால்தான். என்ன செய்ய?

உங்கள் பெற்றோரின் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது களப்பணியை நடத்துகிறவர்கள். தலைமை யார், தங்குமிடம் எது, குழுவில் வேறு பெண்கள் யார், காப்பீடு உண்டா, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், புகார் என்றால் யாரிடம் போவது, எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். தரத் தயங்கும் குழுவோடு போக வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். கடிதம் வந்தால் பெற்றோரிடம் காட்டுங்கள். முடிந்தால் குழுத்தலைவரோடு ஒரு முறை பேச வையுங்கள். பல வீடுகளில் இதற்குப் பிறகு சம்மதம் கிடைத்திருக்கிறது.

அதுவரை சும்மா இருக்காதீர்கள். 'ஜூனிவர்ஸ்' தளத்தில் தானியங்கிக் கேமராப் படங்களில் விலங்குகளை அடையாளம் சொல்லும் வேலை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி காட்டுயிர்ப் படங்களை லட்சக்கணக்கில் பிரித்தது இப்படிப்பட்ட தன்னார்வலர்கள்தான். கல்லூரி வளாகத்தில் ஒரே மரத்தின் தளிர், பூ, காய் மாற்றத்தை வாராவாரம் ஓராண்டு எழுதினால் அதுவும் முழுமையான களப்பணியே.

ஜூன் 5-ல் ஆயிரம் மரக்கன்று நடுகிறோம். இதை இறுதியாண்டு ஆய்வாகக் காட்டலாமா?

நட்டதைக் காட்ட முடியாது. போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் உங்கள் கல்லூரி நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது, எந்த இனம் பிழைத்தது, ஏன் என்று எண்ணிப் பார்த்தால் அது ஆய்வு. நடப்போகும் இடம் இயற்கையான புல்வெளி என்றால் அங்கே நடவே வேண்டாம்.

காலநிலை பற்றி இலவசமாக, சான்றிதழோடு, நம்பகமான இணையப் படிப்பு ஏதாவது?

ஐநாவின் 'யூஎன் சிசி:ஈ-லேர்ன்' தளத்தில் இருக்கிறது. ஒன்றைத் தொடங்கி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான 'டாட்' தரும் உதவித்தொகைக்கு, வளர்ச்சி சார்ந்த முதுநிலைப் படிப்புகள் பிரிவில், கல்லூரி முடித்த உடனே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. அந்தப் பிரிவுக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். உடனே போக நினைத்தால் ஐரோப்பாவின் 'எராஸ்மஸ் முண்டஸ்' கூட்டுப் படிப்புகளைப் பாருங்கள். பெரும்பாலானவை அக்டோபர் முதல் ஜனவரிக்குள் விண்ணப்பம் வாங்கி முடித்துவிடும், படிப்பு தொடங்குவது அடுத்த செப்டம்பரை ஒட்டி. பரிந்துரைக் கடிதம் கேட்கப் பேராசிரியருக்குக் குறைந்தது மூன்று வாரம் கொடுங்கள்.