சேமலாப நிதிப் பணத்தை மகனின் பட்டப்படிப்புக்குக் கட்டலாமா?

அக்கா,

கடிதம் கிடைத்தது. மகன் வர்த்தகப் பிரிவில் முதல் தடவை உயர்தரப் பரீட்சை எழுதி ஒரு சி (திறமைச் சித்தி), இரண்டு எஸ் (சாதாரண சித்தி) எடுத்திருக்கிறார். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு இடம் இருக்கிறது, இந்த மாதத்துக்குள் கட்டினால் கட்டணத்தில் கழிவு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு 50 வயதாகி, தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டி, வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தாகிவிட்டது. கைக்கு வரப்போகும் பணத்தை அப்படியே கட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

இந்த மாதம் கட்டாதீர்கள் அக்கா. மகன் கட்டாயம் மேலே படிக்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு இல்லை. எந்தப் படிப்பு, யாருடைய காசில், எந்த வரிசையில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சேவைக்காலப் பணம் என்பது ஒரு வருட வேலைக்கு 14 நாள் சம்பளம். நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வைத்து 30 வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 567,000 ரூபாய். முப்பது வருடம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்ததற்கு அவ்வளவுதான். அதோடு சேமலாப நிதி: உங்கள் சம்பளத்தில் பிடித்த 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் வட்டியும். உங்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் வராது. இனி வைத்தியச் செலவு வந்தாலும், தரம் 10இல் படிக்கும் சின்னவளுக்கு ஏதாவது தேவைப்பட்டாலும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இந்தப் பணத்தை இரண்டாவது தடவை சம்பாதிக்க முடியாது.

கல்லூரி காட்டிய கட்டணம் முழுச் செலவும் இல்லை. போர்டிங், சாப்பாடு, பஸ், லேப்டாப், பரீட்சைக் கட்டணம், ஒரு பாடம் தவறினால் அதைத் திரும்ப எழுதும் கட்டணம் எல்லாம் தனி. பட்டம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தினுடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கட்டணத்தில் எவ்வளவு பவுணில் என்று கேளுங்கள். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த அமெரிக்க டொலர் சில மாதத்திலேயே 360 ரூபாய்க்குப் போனது. பாதிப் படிப்பில் அப்படி ஒன்று நடந்தால் மிச்சத்தை எங்கே தேடுவீர்கள்?

அந்தச் சான்றிதழ் செல்லுமா என்பதையும் கல்லூரிக்காரர் வாய்வார்த்தையில் நம்பக் கூடாது. உள்ளூர்த் தனியார் நிறுவனம் தன் பெயரில் பட்டம் கொடுப்பதென்றால், 1978ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கே அனுமதி வாங்கியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரையும் பட்டத்தின் முழுப் பெயரையும் எழுத்தில் வாங்கி, ஆணைக்குழுவிடமே கேளுங்கள். அங்கீகாரம் இல்லாத பட்டத்தோடு அரசாங்கப் பட்டதாரி வேலைக்கு விண்ணப்பிக்கப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எழுதித் தரத் தயங்குகிற இடத்தில் ஒரு சதமும் கட்ட வேண்டாம்.

அப்புறம் மொழி. மகன் தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்தவர். அங்கே விரிவுரை, ஒப்படை, பரீட்சை எல்லாம் ஆங்கிலத்தில். நம் பிள்ளைகள் பலர் கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் முதல் வருடத்தில் தடுமாறுகிறார்கள். எங்கே சேர்ந்தாலும், சேருமுன் ஆறு மாதமாவது ஆங்கிலத்துக்குச் செலவிடட்டும். சிங்களமும் வேண்டும்.

இனி, பெரிய பணம் கட்டாமல் திறக்கும் கதவுகள். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம். மகன் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறார். அரச பல்கலைக்கழகத்தில் கற்பித்தலுக்குக் கட்டணம் இல்லை, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல, பர்சரி என்ற உதவித்தொகைகளில் ஒன்று கிடைக்கும். நம் நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலான துறைகளில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆகவே அனுமதிக்கான வெட்டுப்புள்ளியைப் பார்க்கும்போது கொழும்பு, கண்டிப் பிள்ளைகளுடையதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு சி, இரண்டு எஸ் போதாது என்பதும் உண்மைதான். ஆனால் கணக்கீட்டில் சி எடுத்த பிள்ளை ஒரு வருடம் ஒழுங்காக உட்கார்ந்தால் மற்ற இரண்டையும் ஏற்ற முடியும். மனமில்லாமல் திரும்ப எழுதினால் மட்டும் பலன் இராது.

திரும்ப எழுத விருப்பமில்லையா, சரி. கண்டியிலும் பதுளையிலும் உள்ள அரச உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகங்களில் கணக்கியலில் உயர் தேசிய டிப்ளோமா முழுநேரமாகப் படிக்கலாம். அதற்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. கூடவே ஏஏடி என்ற கணக்கியல் தொழிற் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு என் முதல் பரிந்துரை இந்த இரண்டும்தான். கணக்குப் புத்தகம் பார்க்கத் தெரிந்த ஆளை ஹட்டன் கடைக்காரரும் தேடுவார், கொழும்புக் கம்பனியும் தேடும். சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டத்தையும் முடிக்கலாம். ஆசிரியராக விருப்பம் என்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது தவற விடாதீர்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் தனியார் பட்டம்தான் என்று முடிவானால், முதலில் அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடனைக் கேளுங்கள். உயர்தரத்தில் மூன்று சித்தி இருப்பதால் மகன் முயன்று பார்க்கலாம். நீங்கள் பார்க்கும் படிப்பு அந்தத் திட்டத்தில் இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கல்லூரியிடமே கேளுங்கள். கையிலிருந்து கட்டுவதென்றால் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். கழிவுக்கு ஆசைப்பட்டு மொத்தமாகக் கட்டினால், மகன் பாதியில் நின்றாலும் பணம் திரும்பாது. பணம் திருப்பித் தரும் நிபந்தனையைக் கையெழுத்துக்கு முன் வாசியுங்கள். உங்கள் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதில் போக வேண்டாம். மிச்சத்தை உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போடுங்கள். மகன் பெயரில் வேண்டாம்.

இன்னொன்று அக்கா. இரண்டு பக்கக் கடிதத்தில் மகனுக்கு என்ன விருப்பம் என்று ஒரு வரிகூட இல்லை. அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பாடம் பிடித்தது, எஸ் வந்த இரண்டு பாடத்திலும் என்ன நடந்தது, இந்தக் கல்லூரியைத் தேடியது அவரா, வேறு யாராவது சொன்னதா. பெறுபேற்றுத் தாளின் பிரதியையும் கல்லூரி தந்த கட்டண அட்டவணையையும் சேர்த்து அனுப்பட்டும். அது வரும்வரை கல்லூரிக்காரர் தொலைபேசியில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போட வேண்டாம்.