எம்.ஏ. முடித்தவர்களுக்கு வரைபடம் எதற்கு?

கேள்வி: ராமநாதபுரம் கடலோரத்தில் ஒரு தனியார் கல்வியியல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தல் பாடம் எடுக்கிறேன். என் வகுப்பில் பதினோரு பேர். பருவ முடிவில் பெயர் போடாமல் எழுதி வாங்கிய கருத்துப் படிவங்கள் என் கைக்கு வந்தன. "மேடம் வரைபடத்திலேயே நேரத்தைக் கழிக்கிறார், இதெல்லாம் எம்.ஏ.விலேயே படித்தாயிற்று" என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். "நோட்ஸ் தருவதில்லை" என்று பாதிப் பேர். ஒருவர் மட்டும், "பேனா, பென்சில், பீட்சா என்று உதாரணம் சொல்கிறார், எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இதை எப்படிச் சொல்வது?" என்று கேட்டிருந்தார். படிவத்தில் எனக்குக் கிடைத்த மதிப்பெண் சராசரி குறைந்ததால் முதல்வர் விளக்கம் கேட்கிறார். கையெழுத்தைப் பார்த்தாலே யார் யார் என்று தெரிகிறது. கூப்பிட்டுப் பேசலாமா? என் முறையை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பதில்: அன்புச் சகோதரி, கடைசிக்கு முந்தைய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கூப்பிட்டுப் பேசாதீர்கள். பதினோரு பேர் வகுப்பில் யார் எழுதியது என்று தெரியாமல் போகாதுதான். ஆனால் தெரிந்ததாக நீங்கள் காட்டிக்கொண்டால், அடுத்த பருவத்தில் எல்லோரும் 'மிக நன்று' என்று எழுதித் தருவார்கள். அந்தப் படிவத்தால் உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது. உள்மதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில் இருக்கும்போது அவர்கள் துணிந்து எழுதியதே பெரிய விஷயம்.

சரி, எழுதியதைப் பார்ப்போம். பதினோரு பேரின் சராசரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒருவர் மனம் மாறினாலே எண் மாறிவிடும். அதோடு, வகுப்பு எவ்வளவு பிடித்தது என்பதும் எவ்வளவு கற்றார்கள் என்பதும் ஒன்றல்ல. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. கணக்குகளைத் தாங்களே போட்டுப் பார்த்துக் கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் சரளமான விரிவுரையைக் கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே அவர்களுக்குத் தோன்றியது. மூளைக்கு வேலை கொடுக்கும் வகுப்பு சிரமமாகத்தான் இருக்கும். நோட்ஸ் கேட்பதையும் இப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாவம், அவர்கள் கண் முன்னால் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் முதுகலை ஆசிரியர் தேர்வு நிற்கிறது. வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம் அந்தத் தேர்வின் பாணியில் இரண்டு கேள்விகள் கொடுங்கள். நோட்ஸ் சொல்லி எழுதவைக்க வேண்டாம்.

வரைபடப் புகாருக்கு வருகிறேன். பொருளியலை எடுத்து பி.எட். சேர முதுகலைப் பட்டம் வேண்டும் என்பதால், உங்கள் முன் இருப்பவர்கள் தேவைக்கோட்டை, அதாவது எந்த விலையில் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் கோட்டை, ஆறேழு ஆண்டுகளாகப் போட்டுப் பழகியவர்கள். போடத் தெரியும். விளக்கத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஒருவரைப் பிளஸ் ஒன் ஆசிரியராக நிற்கவையுங்கள். இன்னொருவர் மாணவராக எழுந்து, "சார், விலை மாறினால்தானே வாங்கும் அளவு மாறுது? கணக்குப் பாடத்தில் மாற்றத்துக்குக் காரணமானதைக் கிடை அச்சில்தானே போடுவோம்? இங்கே விலை ஏன் செங்குத்து அச்சில் இருக்கு?" என்று கேட்கட்டும். எத்தனை பேர் பதில் சொல்கிறார்கள் பாருங்கள். பதில் இதுதான்: ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-ல் வெளியிட்ட நூலில், இவ்வளவு சரக்கு இருந்தால் வாங்குபவர் என்ன விலை கொடுக்க முன்வருவார் என்ற திசையிலிருந்து யோசித்தார். அவர் போட்ட அச்சு வழக்கமாகிவிட்டது. இந்தக் கேள்வியில் தடுமாறிய பிறகு, "எம்.ஏ.விலேயே படித்தோம்" என்ற பேச்சு தானாகக் குறையும். ஆகவே வரைபடத்தை விடாதீர்கள். கரும்பலகையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

பீட்சா என்று எழுதினாரே ஒருவர், அவருக்கு நீங்கள் மனதுக்குள் நன்றி சொல்ல வேண்டும். பதினோரு படிவங்களிலும் ஆசிரியராக யோசித்து எழுதப்பட்டது அது ஒன்றுதான். அவர் தன்னை மறந்து, நாளை தன் முன் உட்காரப் போகும் பிள்ளையை நினைத்திருக்கிறார்.

உங்கள் கடற்கரையில் உதாரணத்துக்கா பஞ்சம்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், நாட்டுப்படகுகள் மட்டும் போகும். எந்த விலையில் எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டும் அளிப்புக்கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்கிறது. விலை ஏறுகிறது. விலை ஏறியதால் வாங்குபவர் குறைத்து வாங்குகிறார். இங்கே தேவைக்கோடு நகரவில்லை, அதே கோட்டின் மேல் அவர்தான் நகர்கிறார். மீனை விட்டுக் கோழிக்கடைக்குப் போனவரால் கோழியின் தேவைக்கோடு வலப்பக்கம் நகர்கிறது. கோடு நகர்வதையும் கோட்டின் மேல் நகர்வதையும் குழப்பிக்கொள்ளாத பிளஸ் ஒன் மாணவர் குறைவு. பாம்பனிலோ தொண்டியிலோ வளரும் பிள்ளைக்கு இந்த ஒரே உதாரணத்தில் இரண்டும் பிரிந்து தெரியும்.

விலை மாறும்போது விற்பனைக்கு வரும் அளவு எவ்வளவு மாறும் என்ற அளிப்பு நெகிழ்ச்சியும் அங்கேயே கிடைக்கிறது. காலையில் கரைக்கு வந்த மீனைப் பனிக்கட்டி இல்லாதவர் ஏலத்தில் கிடைத்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும். கருவாடாக்கத் தெரிந்தவருக்குக் காத்திருக்கும் வசதி உண்டு. பொதுவளத்தைப் பங்கிடுவது பற்றிச் சொல்ல வேண்டுமா? பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை வைத்திருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட ஏற்பாடுகளை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம்தான் 2009-ல் பொருளியல் நோபல் பெற்ற முதல் பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கடலை விட்டு வந்தாலும் உங்கள் மாவட்டத்தில் உதாரணம் உண்டு: ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனம் இருக்கிறது. இவற்றை நீங்களே சொல்லி முடித்துவிடாமல், ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தடைக்காலம் நமக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. முன்வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு அது அப்பாவுக்கு வருமானம் இல்லாத இரண்டு மாதம். "உங்கள் வீட்டில் எவ்வளவு கடன்?" என்ற மாதிரிக் கேள்விகள் வகுப்பில் வரவே கூடாது என்று உங்கள் மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். உதாரணம் ஊரிலிருந்து வரட்டும், பிள்ளையின் வீட்டுக்குள்ளிருந்து வர வேண்டாம்.

அப்புறம், கருத்து கேட்கும் நேரத்தையும் மாற்றுங்கள். பருவம் முடிந்த பின் வாங்கும் படிவத்தால் எழுதியவர்களுக்கு ஒரு பலனும் இல்லை, மாற்றம் அடுத்த அணிக்குத்தான் போகும். பருவத்தின் நடுவிலேயே துண்டுச் சீட்டு கொடுத்து, "நாளைக்கே இந்தப் பாடத்தைப் பிளஸ் ஒன் வகுப்பில் நடத்தச் சொன்னால் எந்த இடத்தில் தடுமாறுவீர்கள்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். அடுத்த வகுப்பில் எதை மாற்றப் போகிறீர்கள், எதை மாற்றப் போவதில்லை, ஏன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பதில் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் உண்மையாக எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் பள்ளிப் பயிற்சிக்குப் போய்த் திரும்புவார்களே, அப்போது இதே பாடத்தைப் பற்றி இன்னொரு முறை கேளுங்கள். நாற்பது பிள்ளைகள் முன் நின்றுவிட்டு வந்தவர் எழுதுவதைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

முதல்வருக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டாம். மாணவர்கள் சொன்ன குறைகளை அவர்கள் வார்த்தையிலேயே முதலில் எழுதுங்கள். உள்ளூர் உதாரணங்களில் பாடக்குறிப்பு, வகுப்பின் முடிவில் தேர்வுக் கேள்விகள், நடுப்பருவத் துண்டுச் சீட்டு ஆகிய மூன்று மாற்றங்களையும் தேதியோடு குறிப்பிடுங்கள். வரைபடப் பயிற்சி தொடரும் என்பதையும் காரணத்தோடு எழுதுங்கள். பள்ளிப் பயிற்சி முடிந்த பிறகு வாங்கும் கருத்தையும் கோப்பில் சேர்க்க அனுமதி கேளுங்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்பு, கருத்துப் படிவத்தோடு அதன் மேல் என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்றும் கேட்கும் என்பதால் முதல்வருக்கும் அந்தக் காகிதம் உதவும்.