வயதான நாய்க்கு எந்த மெத்தை?

12 வயது லாப்ரடாருக்குப் பஞ்சு மெத்தை வாங்கியும் அது வெறுந்தரையில்தான் படுக்கிறது, எழும்போது பின்னங்கால் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிடிவாதமாக இருக்காது. பஞ்சுக்குள் உடல் அமுங்கிவிடும். மூட்டு வலிக்கும் நாய்க்கு அதிலிருந்து எழுவது சேற்றிலிருந்து காலை உருவுவது போல. தரை கடினம்தான், ஆனால் ஊன்றி எழ முடிகிறது.

அடர்த்தியான ஃபோம் மெத்தையாகப் பாருங்கள். லாப்ரடாரின் எடைக்குக் குறைந்தது 4 அங்குல கனம் வேண்டும். ஆனால் கனத்தை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் முழங்காலை ஊன்றி அழுத்திப் பாருங்கள். தரை தட்டினால் அந்த மெத்தை வேண்டாம், நாயின் இடுப்பும் முழங்கையும் அதே மாதிரிதான் தரையில் போய் இடிக்கும். அப்புறம், நாய் கால் நீட்டிப் படுத்திருக்கும்போது அளவெடுங்கள், சுருண்டு படுக்கும்போது அல்ல. ஏறும் பக்கம் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும். அடிப்பக்கம் வழுக்கக் கூடாது. மெத்தையைச் சுற்றியும் வழுக்காத விரிப்பு போடுங்கள். எழுந்ததும் வைக்கும் முதல் அடியில்தான் பெரும்பாலும் கால் சறுக்குகிறது.

கழற்றித் துவைக்கும் உறை, உள்ளே நீர் புகாத உறை இரண்டும் அவசியம். வயதான நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசிவது சகஜம், அதற்காகத் திட்டாதீர்கள், பாவம். வெக்கையால் தரையைத் தேடுகிறதா என்றும் கவனியுங்கள். ஃபோம் சூட்டைப் பிடித்து வைக்கும், பருத்தி உறை கொஞ்சம் உதவும்.

தடுமாற்றத்தைக் கால்நடை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இபுப்ரோஃபென் என்ற வலி மருந்து நாய்க்கு விஷம்.