மலையகத்தில் முதன்முறையாக நிதி திரட்டும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கு எப்படித் தயாராவது?

கொட்டகலையில் ஆசிரியையாகப் பணிபுரிவதாகவும், பாடசாலைக் காலத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை என்றும், தோட்டப்புற மாணவர்கள் உயர்தரத்தில் விஞ்ஞானம் படிப்பதற்கான பஸ் செலவுக்கு நிதி சேர்க்க உங்கள் பழைய மாணவர் சங்கம் கண்டியிலிருந்து நுவரெலியா வழியாகப் பதுளை வரை இரண்டு நாள் பயணத்தை ஒழுங்கு செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்னும் நான்கு மாதம் இருக்கும் நிலையில் உங்களால் முடியுமா, புதுச் சைக்கிள் வேண்டுமா, வேண்டுமானால் சேரும் பணத்தில் அதை வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

உங்களால் முடியும். இந்தப் பாதையில் நான் சைக்கிள் ஓட்டியிருக்கிறேன்; இப்படியான பயணங்களில் எல்லோருக்கும் பின்னால் வரும் உதவி வாகனத்தில் இருந்தும் பார்த்திருக்கிறேன். புதியவர்கள் அனைவரும் முதல் நாள் ஏற்றத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். உண்மையில் ஏற்றத்தில் ஆகக் கெட்டது நடந்தால், இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள், அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்து இருப்பது இரண்டாம் நாள் இறக்கத்தில். ஆகவே நான்கு மாதப் பயிற்சியில் பாதியையாவது இறங்கப் பழகுவதற்கு ஒதுக்குங்கள் என்பதே நான் முதலில் சொல்ல விரும்புவது.

ஏற்றத்தின் கணக்கு எளியது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1868 மீற்றரில் இருக்கிறது. கம்பளை வரை பாதை பெரும்பாலும் சமமாகவே போகும். அதன் பிறகு புசல்லாவை, இறம்பொடை, லபுக்கலை என்று ஏறத்தாழ 1400 மீற்றர் ஏற வேண்டும். இதற்குக் கால் பலத்தைவிடச் சரியான கியரே முக்கியம். முன் பல்சக்கரத்தில் 34 பற்கள், பின்புறப் பெரிய பல்சக்கரத்திலும் 34 பற்கள் உள்ள சைக்கிளில் பெடலை நிமிடத்துக்கு அறுபது முறை சுற்றினால் மணிக்கு ஏறத்தாழ ஏழரைக் கிலோமீற்றர் வேகத்தில் போவீர்கள். அது கொழுந்து மலைக்கு அவசரமாக ஏறும் ஒருவரின் நடையைவிடச் சற்றே கூடுதலான வேகம். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம். வீட்டில் வழக்கமாக இருக்கும் கியர் இல்லாத சைக்கிளில் அதே வேகத்தில் ஏற முயன்றால் பெடல் நிமிடத்துக்கு இருபத்தைந்து சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நெரிக்கும். எனவே புதுச் சைக்கிள் அவசியமில்லை, ஆனால் கியர் உள்ள சைக்கிள் அவசியம். பாவித்த சைக்கிளாக இருந்தால், வாங்குவதற்கு முன் பின்புறப் பெரிய பல்சக்கரத்தின் பற்களை எண்ணிப் பாருங்கள். முப்பதுக்குக் குறைவாக இருந்தால் வேறொன்றைத் தேடுங்கள், அல்லது சைக்கிள் திருத்துபவரிடம் அதை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

சீட்டின் உயரத்தையும் முதல் நாளே சரிசெய்துகொள்ளுங்கள். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். பலர் அதை வயதின் வலி என்று எண்ணிப் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். உள்ளே மெத்தை வைத்துத் தைத்த சைக்கிள் காற்சட்டை ஒன்றை வாங்கி, சல்வாருக்கு உள்ளே போட்டுக்கொள்ளலாம். பயிற்சிக்கு நீங்கள் செலவு செய்யத் தகுந்த உடை அது ஒன்றே.

பயிற்சிக்கு நீங்கள் இருக்கும் இடமே வாய்ப்பானது. முதல் மாதம் வாரத்தில் இரண்டு நாள் பாடசாலை விட்டபின் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை அதைவிடச் சற்று நீண்ட நேரம் என்று ஓட்டுங்கள். ஹட்டன், நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதையில் சிறு ஏற்றமும் சிறு இறக்கமும் மாறி மாறி வருவதால் கியர் மாற்றிப் பழக அது நல்ல இடம். இரண்டாம் மாதத்திலிருந்து தலவாக்கலைக்கு இறங்கி, அங்கிருந்து லிந்துலை வழியாக நானுஓயாவுக்கு ஏறுங்கள். தலவாக்கலை ஏறத்தாழ 1200 மீற்றரில் இருப்பதால் அங்கிருந்து நுவரெலியா வரை போனால் உங்கள் முதல் நாள் ஏற்றத்தில் பாதியை ஏறியவராவீர்கள். மூன்றாம் மாத முடிவுக்குள் அதை ஓய்வெடுத்து ஓய்வெடுத்தாவது முடித்துவிட்டால், இறம்பொடையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. திரும்பும்போது ரதல்லைக் குறுக்குப் பாதையில் மட்டும் இறங்க வேண்டாம். 2023 ஜனவரியில் ஏழு பேரின் உயிரைப் பறித்த விபத்து நடந்தது அங்கேதான். நேரம் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் பிரதான வீதியிலேயே வாருங்கள்.

இனி இறக்கம். நுவரெலியாவிலிருந்து சீத்தாஎலிய, ஹக்கலை, வெலிமடை, ஹாலிஎல வழியாகப் பதுளை வரை ஏறத்தாழ 1200 மீற்றர் கீழே வருகிறீர்கள். சைக்கிளும் நீங்களுமாகச் சேர்ந்து எண்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தி, இரண்டரை லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கேத்தலில் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் பாதையும் எடுத்துக்கொள்ளும். மீதியெல்லாம் வெப்பமாகப் போய்ச் சேருமிடம் உங்கள் பிரேக்கும் ரிம்முமே. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்குபவர்களின் ரிம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, உள்ளே டியூப் வெடித்துவிடுவதும் உண்டு. எனவே நேரான பகுதியில் பிரேக்கை விட்டு ஓடவிடுங்கள். வளைவு வருவதற்கு முன், சைக்கிள் நிமிர்ந்து இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தொடாமல், பார்வையை வளைவு முடியும் இடத்தில் வைத்துத் திரும்புங்கள். முன் பிரேக்கைக் கண்டு பயந்து பின் பிரேக்கை மட்டும் பாவிப்பது புதியவர்களிடம் எப்போதும் காணும் பழக்கம். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்குத்தான் உண்டு. உடலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்துகொண்டால் அதைத் தைரியமாகப் பாவிக்கலாம்.

மழையில் இவையெல்லாம் மாறும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், நனைந்த ரிம்மிலுள்ள தண்ணீரைத் துடைத்தெடுக்கவே சக்கரம் சில சுற்றுகள் சுற்றிவிடும். அதுவரை சைக்கிள் வேகம் குறையாமல் ஓடும். வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே லேசாக அழுத்தி ரிம்மை உலர்த்திக்கொள்ள வேண்டும். மணலும் சேறும் சேர்ந்து ஒரே மழைநாளில் பிரேக் கட்டையை அரைத்துவிடக்கூடும் என்பதால் முதல் நாள் இரவே நகத்தால் தடவிப் பாருங்கள். கட்டையில் வெட்டியிருக்கும் கோடுகள் நகத்துக்குத் தட்டுப்படாவிட்டால் புதிய கட்டை போட வேண்டும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் கிடைத்தால், மலையகத்துக்கு அதையே தேர்ந்தெடுங்கள் என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

குளிரும் பிரேக்கைப் பாதிக்கும் விஷயம்தான். ஒருமுறை வெலிமடைக்கு இறங்கும் வழியில், விடியற்காலைத் தூறலில் கையுறை இல்லாமல் வந்த இளைஞர் ஒருவர் வேகத்தைக் குறைக்க முடியாமல், கால்களைத் தரையில் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார். விரல்கள் விறைத்துப்போய் பிரேக்கை இழுக்க வரவில்லை. தேநீர்க் கடையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கொடுத்த பிளேன்டீயை அவர் குடிக்கவில்லை. கிளாஸை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். சுண்டுவிரல்தான் கடைசியாக மடங்கியது. அதன் பிறகே அவரைச் சைக்கிளில் ஏற விட்டோம். முழு விரலும் மூடும் கையுறையும் காற்றுப் புகாத மேற்சட்டையும் நுவரெலியாவிலிருந்து புறப்படும்போதே உடலில் இருக்கட்டும். பையின் அடியில் இருந்து பயனில்லை.

பாதையை உங்களோடு பகிர்ந்துகொள்பவர்களையும் நினைவில் வையுங்கள். மரக்கறி லொறிகள் இரவு பகலாக ஓடும் வீதி இது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎலயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும் நீங்கள் ஏறப்போகும் இதே வீதியில்தான். இறம்பொடைச் சுரங்கப் பாதைக்குள் நுழையும் முன் பின்விளக்கைப் போடுங்கள். மூடுபனி இறங்கினால் பகலிலும் அது எரியட்டும். இருவர் பக்கம் பக்கமாக ஓட்டிக் கதைப்பதைக் கம்பளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பயண நாளைத் தீர்மானிக்கும் உரிமை உங்கள் சங்கத்துக்கு இருப்பதால் இதையும் சொல்கிறேன். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலக் கூட்டத்தால் வீதி நிரம்பியிருக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைக்கும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை பதுளைப் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒக்டோபரிலும் நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கம். பெப்ரவரியின் கடைசியும் மார்ச்சும் ஓரளவு பாதுகாப்பானவை. எந்த மாதமானாலும் விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் நுவரெலியாவை அடைவதாகத் திட்டமிடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலையகப் பாதைகள் சரிந்ததைக் கண்ணால் கண்டவர்கள் நாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தால், எவ்வளவு பணம் சேர்ந்திருந்தாலும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். இதை நன்கொடையாளர்களிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அன்றைக்குச் சங்கடம் இராது.

சாப்பாட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பசிக்கும் முன் சாப்பிடுங்கள். மணிக்கு ஒரு வாழைப்பழமும் சீனி போட்ட தேநீரோ இனிப்பு பிஸ்கட்டோ போதும். தண்ணீர் மணிக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் குடியுங்கள். வியர்வை அதிகமானால் ஒரு போத்தலில் ஜீவனி என்ற உப்பும் சீனியும் சேர்ந்த தூளைக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள். மதியம் வயிறு நிறையச் சோறு உண்டபின் இறம்பொடை ஏறுவது மிகக் கடினம். ரொட்டியும் சம்பலும் அளவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றிய உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில், கூடாது என்பதுதான். சைக்கிள், உடை, உங்கள் சாப்பாடு, உதவி வாகனத்தின் எரிபொருள் ஆகிய எதையும் நன்கொடையிலிருந்து எடுக்கக் கூடாது. உங்கள் தோட்டங்களில் நன்கொடைச் சீட்டோடு வீடு வீடாகப் போனால், லயத்து வாசலில் ஐம்பதும் நூறுமாக எடுத்துக் கொடுப்பவர்கள் இருப்பார்கள். 2024 செப்டெம்பரில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட தொழிலாளர்கள் அவர்கள். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டுமே விழும் வீடுகளும் அவற்றில் இருக்கும். அந்தக் காசு ஒரு மாணவியின் பஸ் கட்டணமாக மட்டுமே மாற வேண்டும். சைக்கிளைத் தெரிந்தவர்களிடம் இரவல் கேளுங்கள். எரிபொருளையும் சாப்பாட்டையும் நகரத்துக் கடைக்காரர்கள் யாராவது பொறுப்பெடுப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

நோக்கத்தை எவ்வளவு குறிப்பாகச் சொல்கிறீர்களோ, அவ்வளவு எளிதில் மக்கள் கொடுப்பார்கள். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நிதி திரட்ட நடந்தவர்கள், தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை என்று ஒரே இடத்தைச் சொல்லிப் பணம் கேட்டதால், யாருக்காகக் கொடுக்கிறோம் என்பது கொடுத்தவர்களுக்கு விளங்கியது. "கல்வி வளர்ச்சிக்கு" என்று நீங்கள் கேட்டால் மனதில் எதுவும் பதியாது. எந்தத் தோட்டத்திலிருந்து எந்தப் பாடசாலைக்கு, ஒரு மாதத்துக்கு ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பஸ் செலவு என்று கணக்கெடுத்து, அந்தத் தொகையையே கேளுங்கள். சங்கத்தின் பெயரில் இருவர் கையெழுத்திடும் தனி வங்கிக் கணக்கைப் பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே திறந்து, ஐம்பது ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு கொடுங்கள். பயணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள், வந்த தொகையையும் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை மாதத்துக்கு அது போதும் என்பதையும் ஒரே தாளில் எழுதி, பாடசாலை அறிவித்தல் பலகையிலும், பணம் கொடுத்த ஒவ்வொரு தோட்டத்துக் கோயில் வாசலிலும் ஒட்டுங்கள்.